சரக்கை இறக்குவது டிரைவர் வேலையா? ஆலை, கிடங்கு நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, அம்பத்தூர், மணலி, எண்ணூர், செங்குன்றம் வட்டாரங்களில் ஆலையும் கிடங்கும் நடத்துகிற நிர்வாகங்கள், அங்கே ஸ்டோர்ஸ், செக்யூரிட்டி, சேஃப்டி பொறுப்பில் இருப்பவர்கள்.
நகல்: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், கிண்டி.

வணக்கம்.

மாதவரத்தில் சின்னதாக ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். உங்கள் ஆலைகளுக்குச் சரக்கு வண்டி அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன். உங்கள் ஸ்டோர்ஸ் ஆட்களோடு போனில் பேசாத நாள் கிடையாது. அந்தப் பழக்கத்தின் உரிமையில்தான் இதை எழுதுகிறேன். யாரையும் மாட்டிவிடும் எண்ணம் இல்லை.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கேட்டுக்குள் வந்துவிட்ட லாரியிலிருந்து சரக்கை இறக்குவது உங்கள் வேலை. அதை டிரைவர் தலையில் கட்டாதீர்கள். இறக்கும்போது அசம்பாவிதம் நடந்தால் அந்தப் பழியையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

டிரைவரின் வேலை என்ன? ஏற்றிய இடத்திலிருந்து இறக்கும் இடம் வரைக்கும் வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவருவது. வழியில் தார்ப்பாய், கயிறு, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது. வந்து சேர்ந்ததும் எல்.ஆரையும் (சரக்கோடு அனுப்பும் லாரி ரசீது) இன்வாய்ஸையும் கொடுத்துவிட்டு, காட்டிய இடத்தில் வண்டியை நிறுத்துவது. சம்பளமும் பேட்டாவும் அதற்குத்தான். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று தனிக் கணக்கு காலங்காலமாக இருப்பது, அது வேறு ஆட்களின் வேலை என்பதால்தான்.

கேட்டுக்குள் நுழைந்தபிறகு நடப்பது வேறு. "டிரைவர், தார்ப்பாயைப் பிரி." "மேலே ஏறி ஸ்லிங்கை மாட்டு." "லோடுமேன் ஒருத்தன் வரலை, நீ ஒரு கை பிடி." சொல்கிறவர் யார், என்ன பொறுப்பில் இருக்கிறார் என்பதுகூட டிரைவருக்குத் தெரியாது. முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் வண்டி ஓரங்கட்டப்படும். லைசென்ஸ் உங்கள் செக்யூரிட்டி மேசை டிராயருக்குள் இருக்கும். நின்ற நாளுக்கு ஹால்டிங் காசு வருமா வராதா என்பது இழுபறி. அதற்குள் திரும்பிப் போகிற லோடு கைவிட்டுப் போய்விடும். முன்பெல்லாம் கிளீனர் ஒருவராவது கூட இருப்பார். வாடகை கட்டுப்படியாகாமல் இப்போது பல வண்டிகளில் டிரைவர் ஒற்றை ஆளாகத்தான் வருகிறார். ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவரும் அவர்தான், பகலில் உங்கள் யார்டில் சரக்கு மேல் ஏறுகிறவரும் அவர்தான்.

போன வருஷம் கத்திரி வெயில் சமயத்தில் ஒரகடம் பக்கம் ஓர் ஆலைக்கு இரும்புக் குழாய் லோடு போனது. டிரைவர் சங்ககிரி பக்கத்துக்காரர். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் ஆபீஸ் லோடுக்கு வண்டி ஓட்டுகிறார், நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். விடிகாலையில் போய் நின்றவரை மதியத்துக்கு மேல்தான் உள்ளே விட்டார்கள். வழியில் எங்கோ பிரேக் அடித்ததில் குழாய்க் கட்டுகள் இடது பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கத்து முட்டுக்கம்பிகளில் பாரம் ஏறியிருந்தது. கீழே நின்று நிதானமாகப் பார்த்தால் கம்பிகள் வெளிப்பக்கமாக வளைந்திருப்பது தெரிந்திருக்கும். பார்க்க ஆளில்லை. இறக்க வேண்டிய ஹைட்ரா கிரேன் வேறு ஷெட்டில் வேலையாக இருந்தது. ஷிஃப்ட் முடிவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று அவசரம். "கிரேன் வர்றதுக்குள்ள பெல்ட்டையெல்லாம் அவுத்து வைப்பா" என்று, வயதில் அவருக்கு மகன் போல இருக்கும் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். பெல்ட்டை இறுக்கித் தளர்த்தும் ராட்செட் இருந்தது இடது பக்கம். அண்ணன் நின்றதும் அங்கேதான். மூன்றாவது பெல்ட்டைத் தளர்த்தியதும் ஒரு கம்பி விலகி, மேல்கட்டுக் குழாய்கள் சரிந்தன. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால்.

அன்று சாயங்காலமே ஆலையில் ஓர் அறிக்கை தயாரானது. எச்சரித்தும் கேட்காமல் டிரைவர் தானாகவே பெல்ட்டை அவிழ்த்தார் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கட்டிலில் படுத்திருந்தவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். "என்ன எழுதியிருக்குன்னு தெரியலப்பா, கையெழுத்துப் போட்டாத்தான் வண்டியை வெளிய விடுவோம்னு சொன்னாங்க" என்று பிறகு என்னிடம் சொன்னார். வண்டி அவருடையது அல்ல. முதலாளியின் வண்டி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அந்த வரி எவ்வளவு கெடுதல் செய்யும் என்று எழுதினவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு தருகிற சட்டம் 1923ல் வந்தது, இப்போது அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020, இருக்கிறது. சாதாரணக் கவனக்குறைவு என்ற காரணத்தைக் காட்டி அதில் இழப்பீட்டை மறுத்துவிட முடியாது. ஆனால் குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ மறுக்கலாம். மரணமும் நிரந்தர முழு ஊனமும் மட்டும் இதற்கு விலக்கு. ஆக, "எச்சரித்தும் கேட்காமல்" என்று யாரோ அவசரத்தில் எழுதிய வரி, கால் முறிந்த ஒருவரின் இழப்பீட்டையே அடைக்கிற வரி. மறுபக்கம் வண்டியின் இன்சூரன்ஸிலும் ஒரு சிக்கல் உண்டு. மக்கள் போய்வர உரிமையுள்ள இடத்தைத்தான் மோட்டார் வாகனச் சட்டம் பொது இடம் என்கிறது. உங்கள் காம்பவுண்டு அதில் சேருமா என்று வாதாட இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வழி கிடைக்கிறது. கேட்டுக்குள் நடந்ததால் அது சாலை விபத்துக் கணக்கிலும் வராது. உங்கள் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாததால் உங்கள் ஆலைப் பதிவேட்டில் அவர் ஒரு தொழிலாளியாகவும் தெரியமாட்டார்.

குழாயை எப்படி இறக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. முதலில் வண்டியைச் சுற்றி நடந்து, பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிரேன் வந்து மேல்கட்டின் பாரத்தைத் தாங்கிக்கொண்ட பிறகுதான் பெல்ட் தளர வேண்டும். சாய்ந்த பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. இதைச் செய்யக் கிரேன் வேண்டும், யார்டில் நிற்கும் மற்றவர்களை விலகச் சொல்லும் அதிகாரமும் வேண்டும். இரண்டும் டிரைவரிடம் இல்லை.

உங்கள் சொந்த ஊழியர் ஒருவர் ஷெட் கூரையில் பல்பு மாற்ற ஏறுகிறார் என்று வையுங்கள். உயரத்தில் வேலை செய்ய பெர்மிட் எழுதுகிறீர்கள். சேஃப்டி பெல்ட், ஹெல்மெட், ஷூ, கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஆள். எல்லாம் சரியாக நடக்கிறது, பாராட்டுகிறேன். அதே காம்பவுண்டில், அதே நேரத்தில், ரப்பர் செருப்புப் போட்ட ஒரு டிரைவர் கயிற்றைப் பிடித்து பன்னிரண்டு, பதிமூன்று அடி உயரச் சரக்கின் மேல் ஏறித் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பார். மழை பெய்து முடிந்த தார்ப்பாய் எப்படி வழுக்கும் என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவருக்கு எந்தப் பெர்மிட்டும் கிடையாது. விழுந்தால் இரண்டு பேருக்கும் ஒரே தரைதான்.

டாக்கில், அதாவது லாரியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்திச் சரக்கை இறக்கும் மேடையில், நடப்பதையும் சொல்ல வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் பேலட்டோடு (சரக்கு அடுக்கும் பலகை) லாரிக்குள் போய் பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் லாரி துளி முன்னால் நகரும். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காவிட்டால், பத்துப் பதினைந்து நடைக்குப் பிறகு டாக்குக்கும் வண்டிக்கும் நடுவில் ஃபோர்க்லிஃப்ட்டின் சக்கரம் இறங்கும் அளவுக்கு இடைவெளி வந்துவிடும். அப்புறம் "டிரைவர் ஹேண்ட்பிரேக் போடவில்லை" என்று எழுதுவார்கள். இன்னொரு வகை: உள்ளே ஆள் இருக்கும்போதே யாரோ "போலாம் ரைட்" என்று கத்த, அது தனக்குத்தான் என்று டிரைவர் வண்டியை எடுத்துவிடுவது. இது உயிரையே வாங்கும். இதற்கு வழியும் எளிதானது. சில கிடங்குகளில் பார்த்திருக்கிறேன்: வண்டி டாக்கில் ஒட்டியதும் சாவியை டாக் ஆபீஸில் ஆணியில் மாட்டிவிடுகிறார்கள், சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்கிறார்கள், டிரைவர் போய் ஓய்வறையில் உட்கார்ந்துவிடுகிறார். கடைசி பேலட் இறங்கி, கட்டையை எடுத்தபிறகுதான் சாவி கைக்கு வரும். சொல்லப்போனால் அந்த இடங்களில்தான் வண்டி சீக்கிரம் காலியாகிறது. யார் எதைச் செய்வது என்ற குழப்பம் இல்லாததால் இருக்கலாம்.

கட்டுமான வேலை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நகரத்துக்குள் பகலில் கனரக வண்டிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் மணலும் ஜல்லியும் கம்பியும் பெரும்பாலும் ராத்திரியில்தான் வந்து இறங்குகின்றன. குறுகலான தெரு, தலைக்கு மேல் மின்கம்பி, முந்தின நாள் தோண்டி மூடிய குழிமேல் லேசான மண். ரிவர்ஸ் பார்க்க ஆள் கிடையாது, வாட்ச்மேன் டார்ச் அடித்து "வா வா" என்பார். டிப்பரைத் தூக்கும்போது ஈரமான எம்-சாண்ட் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு இறங்காமல் நின்றால், பாரம் முழுக்க உயரத்தில் நிற்கும். அடியில் ஒரு சக்கரம் லேசாகப் புதைந்தால் போதும், வண்டி சாய்ந்துவிடும். அங்கே டிப்பரைத் தூக்கலாமா கூடாதா என்று தரையைப் பார்த்துச் சொல்ல வேண்டியது சைட் இன்ஜினியர். அவர் அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

மணலிப் பக்கம் ரசாயன டேங்கர்களில் நிலைமை கொஞ்சம் தேவலை என்று நினைக்கிறேன். அபாயகரமான சரக்குக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, தனியாக விதி வைத்திருக்கின்றன. அனுப்புகிறவர் என்ன செய்ய வேண்டும், வண்டி உரிமையாளர் என்ன செய்ய வேண்டும், டிரைவர் என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்கின்றன. டிரைவர் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், சரக்கின் ஆபத்துகளை எழுதிய அவசரகால அட்டை கேபினில் இருக்க வேண்டும். ஆனால் அங்கும் ஹோஸை மாட்டுவதும் வால்வைத் திறப்பதும் யார் கை என்று வரும்போது பல இடங்களில் டிரைவரைத்தான் கூப்பிடுகிறார்கள். எந்த டேங்க்கில் என்ன இருக்கிறது என்பது உங்கள் ஆபரேட்டருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்த டிரைவருக்கு எப்படித் தெரியும்? தப்பான டேங்க்கில் சேர்ந்து புகை கிளம்பினால் முதலில் மூச்சுத் திணறுவதும் அவர்தான், பதில் சொல்லச் சொல்வதும் அவரைத்தான்.

சட்டம் இதில் டிரைவர் பக்கம்தான் நிற்கிறது. போபாலுக்குப் பிறகு, 1987ல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆலைக்குள் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பு ஆலையை நடத்துகிறவரின் பொறுப்பு என்றது அது. "டிரைவர் எங்கள் தொழிலாளி இல்லையே" என்று அப்போது சொல்ல முடிந்தது. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, 2020, இப்போது அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. அதன் 6ஆவது பிரிவு ஊழியர், தொழிலாளி என்பதோடு நிற்கவில்லை. பணியிட வளாகத்தில் இருக்கும் பிற நபர்களின் பாதுகாப்புக்கும் வேலையளிப்பவரே பொறுப்பு என்கிறது, அவர்கள் அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. நீங்களே கேட் பாஸ் போட்டு உள்ளே விட்ட டிரைவர் அந்தப் பிற நபர்களில் ஒருவர் இல்லையென்றால் வேறு யார்?

உயிர் போகிற விபத்தாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். போலீஸ் வரும்போது முதலில் கண்ணில் படுவது லாரி, அடுத்தது அதன் டிரைவர். கவனக்குறைவால் மரணம் என்பதற்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ-வில் இரண்டாண்டு வரைதான் தண்டனை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-இல் அது ஐந்தாண்டு வரை. ஹைட்ராவை இயக்கியவர், சிக்னல் கொடுத்தவர், அவசரப்படுத்தியவர் எல்லாரும் உங்கள் ஊழியர்கள், அவர்களுக்காகப் பேச உங்கள் எச்.ஆர். இருக்கிறார். டிரைவருக்காகப் பேச அந்த இடத்தில் யாரும் இல்லை. சரக்கு சேதத்திலும் இதே கதைதான். ஃபோர்க்லிஃப்ட் முள் குத்திக் கிழிந்த பெட்டி, சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திடும் பி.ஓ.டி-யில், வழியில் ஏற்பட்ட சேதம் என்று ஏறுகிறது. அந்தத் தொகை டிரான்ஸ்போர்ட் வாடகையில் பிடித்து, கடைசியில் டிரைவர் கணக்கில் வந்து விழுகிறது.

காத்திருக்கும் நேரத்தையும் பாதுகாப்போடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024ல் அறிவித்த அரசு நம்முடையது. கடையில் நிற்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021ல் சட்டம் திருத்தியதும் இதே மாநிலம்தான். அப்படிப்பட்ட ஊரில், உங்கள் கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கும் டிரைவருக்கு நிழல் வேண்டுமென்றால் லாரிக்கு அடியில்தான் படுக்க வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் புது லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். நல்லதுதான். ஆனால் இப்போது ஓடுகிற பழைய வண்டிகளுக்கு அது இல்லை, யார்டில் இன்ஜினை அணைக்கச் சொன்னால் புது வண்டியிலும் ஏ.சி. ஓடாது. லாரி அடியில் தூங்குகிறவரைக் கவனிக்காமல் பக்கத்து வண்டி நகர்ந்தாலோ, அதே வண்டியை வேறு யாராவது எடுத்தாலோ என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஒரு கூரை, ஒரு பெஞ்ச், குடிதண்ணீர், டிரைவர் போகக்கூடிய ஒரு கழிப்பறை. உங்கள் பட்ஜெட்டில் இது ஒரு வரிகூட வராது. தூங்காமல், தண்ணீர் குடிக்காமல், வெயிலில் காய்ந்த ஆளிடம் ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது என்று நான் நினைப்பது அதிகமில்லை. ஒவ்வொரு லோடுக்கும் இறக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரைக் கேட் பாஸிலேயே எழுதுங்கள். டிரைவருக்கு யார் என்ன சொன்னாலும், அந்தப் பெயருக்குரியவர் சொல்லாமல் எதுவும் செய்ய வேண்டாம் என்று உள்ளே விடும்போதே தமிழில், தேவைப்பட்டால் இந்தியில் சொல்லிவிடுங்கள். வடநாட்டு டிரைவர்கள் நிறைய வருகிறார்கள், அவர்களுக்கு இரண்டு மடங்கு சிரமம். தார்ப்பாய் பிரிக்க மேடையோ ஏணியோ வையுங்கள், ஏறுவது உங்கள் ஆளாக இருக்கட்டும், சேஃப்டி பெல்ட்டோடு. லைசென்ஸைப் பிடித்து வைக்காதீர்கள், எண்ணைக் குறித்துக்கொண்டு கொடுத்துவிடுங்கள். விபத்து நடந்தால் டிரைவரின் வாக்குமூலத்தை அவர் பேசும் மொழியில், அவர் நிதானமான பிறகு, எங்கள் ஆளோ அவர் வீட்டு ஆளோ பக்கத்தில் இருக்கும்போது எழுதுங்கள். பிரதி ஒன்று அவர் கையில் இருக்கட்டும். கேமரா பதிவை அழிக்காமல் எடுத்து வையுங்கள். பார்க்கப்போனால் அது உங்களுக்கும் பாதுகாப்பு.

இயக்ககத்துக்கு: ஆலை ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் மிஷினின் பாதுகாப்புத் தடுப்பையும் பாய்லரையும் பார்ப்பதைப் போல, சரக்கு இறக்கும் யார்டில் அரை மணி நேரம் நின்று பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்கூட்டிச் சொல்லாமல், ஷிஃப்ட் மாறும் நேரமாகப் பார்த்துப் போங்கள். சரக்கின் மேல் யார் ஏறியிருக்கிறார், அவர் யாருடைய ஊழியர் என்று கேளுங்கள். வளாகத்துக்குள் டிரைவருக்கு நேரும் காயமும் ஆலை விபத்தாகவே அறிவிக்கப்பட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் போடும் எல்.ஆரில் இனிமேல் "டிரைவர் சரக்கின் மேல் ஏறமாட்டார், சரக்கை இறக்கமாட்டார்; இறக்குவது பெறுபவர் பொறுப்பு" என்று அச்சடித்தே கொடுக்கப்போகிறோம். மாதவரத்திலும் செங்குன்றத்திலும் மற்ற ஆபீஸ்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். வாடகையைக் குறைத்துக்கொண்டு "எங்கள் டிரைவரே இறக்கித் தருவார்" என்று ஆர்டர் பிடிக்கிறவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. அந்தப் பழக்கம் நிற்க வேண்டும் என்று அவர்களிடமும் இதே அழுத்தத்தோடுதான் சொல்லிவருகிறேன். அந்த எல்.ஆரோடு வண்டி வரும்போது திருப்பி அனுப்பிவிடாமல் இருக்க உங்கள் செக்யூரிட்டிக்கும் ஸ்டோர்ஸுக்கும் இப்போதே சொல்லிவையுங்கள்.

ஒரகடம் ஆலை நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். இதைப் படித்தால் உங்களுக்கே தெரியும். அண்ணனின் இழப்பீட்டு மனு தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் இருக்கிறது. அன்று கிரேன் எங்கே இருந்தது, பெல்ட்டை அவிழ்க்கச் சொன்னது யார் என்பது உங்கள் ஷிஃப்ட் பதிவேட்டிலும் கேமராவிலும் இருக்கும். அதைப் பார்த்து, அறிக்கையைத் திருத்தி, கையெழுத்திட்டு அனுப்புங்கள். அடுத்த விசாரணைக்கு முன் கிடைத்தால் அவர் மனுவோடு சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
மாதவரத்திலிருந்து ஒரு புக்கிங் ஆபீஸ்காரன்